யோகப் பயிற்சி, குறி பார்த்தல், சுய குணமாக்கல்: மூன்றையும் ஒரே அமர்வில் செய்வது சரியா?

காலைச்சாதகன்:

அனைவருக்கும் வணக்கம். ஆசனமும் நாடிசுத்திப் பிராணாயாமமும் எனக்கு நெடுநாள் பழக்கம். பின்னர், கை வைத்துக் குணமாக்கும் ஜப்பானிய முறையான ரெய்கியில் முதல் நிலைத் தீட்சை பெற்றேன். அதற்கும் பின்னால், குறி பார்க்கும் டாரட் படச்சீட்டுகள் வந்து சேர்ந்தன. முதலில் ஆசனம், அடுத்து மூச்சு, பிறகு உடலில் கை வைத்துச் செய்யும் ரெய்கி, கடைசியில் ஒரு சீட்டு என்றுதான் வரிசை இருந்தது. இப்போது அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. எழுந்தவுடன் சீட்டை எடுக்கிறேன். அன்று எந்த ஆசனம், எத்தனை சுற்று மூச்சு, எந்த இடத்தில் கை வைப்பது என்பதையெல்லாம் அந்தச் சீட்டே முடிவு செய்கிறது. கோபுரச் சீட்டில் இரண்டு பேர் தலைகுப்புற விழுவதால், அது வரும் நாளில், தோள்மேல் உடலைத் தலைகீழாக நிறுத்தும் சர்வாங்காசனத்தைத் தவிர்த்துவிடுகிறேன். துறவிச் சீட்டு வந்தால் ஆசனத்தைக் குறைத்துத் தியானத்தை நீட்டுகிறேன். வந்த சீட்டு மனத்துக்கு ஒவ்வாவிட்டால் இன்னொன்றும் எடுப்பதுண்டு.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில வாரங்களாக நெஞ்சின் நடுவில் ஓர் இறுக்கம் வந்து வந்து போகிறது. அதே நாட்களில் வாள் மூன்று என்ற சீட்டு திரும்பத் திரும்ப வருகிறது. சிவந்த இதயம் ஒன்றை மூன்று வாள்கள் ஊடுருவி நிற்க, பின்னணியில் மழை பெய்யும் படம் அது. இருமுறையும் அச்சத்தோடுதான் கையை நெஞ்சில் வைத்தேன். இந்த மூன்று பயிற்சிகளும் ஒன்றோடொன்று பொருந்தக் கூடியவையா, பொருந்துமென்றால் எது எதற்கு அடங்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பகல்பணிச்செவிலி:

மற்றவர்கள் தத்துவம் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு இறுக்கத்துக்கு மருத்துவரைப் பாருங்கள்; இந்த வாரமே பாருங்கள். மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ இறுக்கம் கூடினாலும், சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினாலும், வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்துகொண்டாலும் வாரம் வரை காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அதுவரை விசையாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் ஆகியவற்றை நிறுத்திவையுங்கள். மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன்.

சூத்திரவாசகர்:

செவிலியார் சொன்னதை முதலில் செய்துவிட்டு, இதைப் பிறகு படியுங்கள்.

பதஞ்சலி தம் யோகசூத்திர நூலில், முதல் பாதத்தின் முப்பதாம் சூத்திரத்தில், மனத்தைச் சிதறடிக்கும் ஒன்பது தடைகளைப் பட்டியலிடுகிறார். முதல் தடை வியாதி. மூன்றாவது சம்சயம், அதாவது ஐயம். உடல்நோய்க்கு ரெய்கி என்றும், ஐயத்துக்குச் சீட்டு என்றும் நீங்கள் தனித்தனியே மருந்து தேடியிருக்கிறீர்கள். அவரோ அந்த ஒன்பதுக்கும் சேர்த்து, இரண்டு சூத்திரங்கள் தள்ளி ஒரே மருந்தைத்தான் தருகிறார்: ஏக தத்துவ அப்பியாசம், அதாவது ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டு பயில்வது. மூன்றைக் கலப்பது பற்றிய உங்கள் கேள்விக்கு அங்கேயே பாதி விடை இருக்கிறது.

குறி பார்ப்பதை அவர் அறியாதவரும் அல்லர், மறுத்தவரும் அல்லர். மூன்றாவதான விபூதி பாதத்தில், வினையின் விரைவையும் தாமதத்தையும் ஆழ்ந்து நோக்குவதாலோ அரிஷ்டங்கள் எனப்படும் குறிகளாலோ முடிவுக்காலத்தை அறியலாம் என்று ஒரு சூத்திரம் கூறுகிறது. ஆனால் அதே பாதத்தில், இத்தகைய ஆற்றல்கள் புறநோக்கில் இருப்பவனுக்குச் சித்திகளாகவும் சமாதியை நாடுபவனுக்கு இடையூறாகவும் அமைகின்றன என்றும் அவரே எச்சரிக்கிறார். சூத்திர எண்கள் பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு மாறினாலும், அந்த எச்சரிக்கை எந்தப் பதிப்பிலும் விடுபடுவதில்லை. பயிற்சியை எது ஆள்கிறது என்பதே இங்குக் கேள்வி. உங்கள் காலை வேளையை இப்போது சீட்டு ஆள்கிறது. என் பார்வையில் அது முறையன்று.

சீட்டுவாசிப்பாளர்:

சூத்திரவாசகர் ஐயாவின் முடிவோடு உடன்படுகிறேன். ஆனால் டாரட்டை அரிஷ்டங்களோடு ஒரே தட்டில் வைப்பதை ஏற்க இயலவில்லை.

டாரட் வேதகாலத்தது என்றும் எகிப்தியக் கோயில் ரகசியம் என்றும் எழுதுகிறார்கள்; அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டத்துக்காக உருவான கட்டு அது. எகிப்துக் கதையைப் பரப்பியவர், 1781இல் அதைப் பற்றி எழுதிய பிரெஞ்சுக்காரர் கூர் த ஜெபலின். பெரும்பாலோர் கையில் இன்று இருப்பது 1909இல் வெளியான கட்டு. ஆர்தர் எட்வர்டு வெயிட் வகுத்துக் கொடுக்க, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் வரைந்தது. மொத்தம் 78 சீட்டுகள், அவற்றுள் 22 பெரிய அர்க்கானா எனப்படும் முதன்மைச் சீட்டுகள். மீதி 56 சிறிய சீட்டுகளுக்கும் காட்சிப் படங்களை அவர் வரைந்ததால்தான், பாடம் படிக்காதவரும் ஒரு சீட்டைப் பார்த்துக் கதை சொல்ல முடிகிறது. வாள் மூன்றைப் பார்த்ததும் உங்களுக்கு நெஞ்சுவலி நினைவுக்கு வருவது அந்த ஓவியத்தின் வலிமையால்தான். வாசிப்பில் அந்தச் சீட்டு பிரிவையும் மனத்துயரையும் பேசுவது. உடல் உறுப்பைப் பற்றியதே அன்று.

நான் பிறருக்கு வாசிக்கும்போது மூன்று கேள்விகளை ஏற்பதில்லை: நோய் என்ன, ஆயுள் எவ்வளவு, கருவில் இருப்பது என்ன. பணத்துக்காக இவற்றை ஏற்கும் வாசிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களால் எங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர். சீட்டுக்கு உரிய இடம், பதஞ்சலி இரண்டாம் பாதத்தின் தொடக்கத்தில் கூறும் சுவாத்தியாயம், அதாவது தன்னைத் தானே படித்தல். "இன்று எனக்கு என்ன நேரும்" என்று கேட்டால் சீட்டு உங்களை ஆட்டிவைக்கும்; "இன்று நான் எதைப் பார்க்க மறுக்கிறேன்" என்று கேட்டால் சிந்திக்க வைக்கும்.

அரைநம்பிக்கை:

சிந்திக்க வைக்கும் என்பது சரி. ஆனால் அது ஏன் நமக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது என்பதையும் பேச வேண்டும். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியதாகச் சொல்லி ஒரு குறிப்பைக் கொடுத்தார். துல்லியத்துக்கு அவர்கள் அளித்த சராசரி மதிப்பெண் 5க்கு 4.26. உண்மையில் எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே குறிப்பு. அதன் வரிகளில் பெரும்பாலானவை ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. வாள் மூன்று "திரும்பத் திரும்ப" வந்ததாகக் காலைச்சாதகன் எழுதுகிறார், ஆனால் "இருமுறையும்" என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. இரண்டு முறை வந்ததைத் திரும்பத் திரும்ப வந்ததாக எண்ண வைப்பது அச்சம்தான். வேறு சீட்டுகள் வந்த நாட்களை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்?

பகல்பணிச்செவிலி:

முன்பு பாதியில் விட்டதைத் தொடர்கிறேன்.

அச்சம் உடலில் செய்யும் வேலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒரு மாத்திரையால் தலைவலி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், வெறும் மாவு மாத்திரை தின்றவருக்கும் தலைவலி வருவதுண்டு. மருத்துவத்தில் இதற்கு நோசிபோ விளைவு என்று பெயர். காலையில் எடுத்த ஒரு கெட்ட சீட்டு அன்று முழுவதும் இந்த வேலையைச் செய்யும். இதன் மறுபக்கமும் உண்மைதான். 2010இல் டெட் கப்சுக் குழுவினர், எரிச்சல் குடல் நோயுள்ள 80 பேரில் ஒரு பகுதியினரிடம் "இது மருந்தில்லாத மாத்திரை" என்று வெளிப்படையாகச் சொல்லியே கொடுத்தார்கள். அப்படியிருந்தும், எந்த மாத்திரையும் பெறாத மற்றப் பகுதியினரைவிட அவர்களுக்கு நிவாரணம் கூடுதலாக இருந்தது. ஆகவே கை வைத்து அமைதியாகப் படுத்திருப்பதால் வலி குறைகிறது என்று ஒருவர் சொன்னால் நான் சிரிக்க மாட்டேன். வலியையும் குமட்டலையும் பதற்றத்தையும் இவ்வகைச் செயல்கள் தணிக்கக் கூடும். அடைபட்ட இரத்தக்குழாயை அவை திறப்பதில்லை, கட்டியைக் கரைப்பதில்லை. சிக்கல் எங்கே என்றால், தணிந்த வலியைக் குணமான நோய் என்று கருதிவிடுவதில்தான்.

யோகத்துக்கு இதைவிட உறுதியான சான்றுகள் உண்டு. நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன் முயல வேண்டியவற்றுள் ஒன்றாக, அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் 2017 வழிகாட்டுதல் யோகத்தைச் சேர்த்திருக்கிறது. அதே யோகத்தில் ஆபத்தும் உண்டு: கண் நீர் அழுத்த நோய் உள்ளவர் சிரசாசனம் செய்தால் விழியழுத்தம் ஏறக்குறைய இருமடங்காகும். சர்வாங்காசனம் உங்களுக்கு ஏற்றதா என்பதைக் கோபுரச் சீட்டால் சொல்ல முடியாது. இரத்த அழுத்தமும் கழுத்தெலும்பும் கண்ணும்தான் சொல்லும்.

சரம்பார்ப்பவர்:

எல்லோரும் டாரட்டையே பேசுகிறீர்கள். யோகமும் குறியும் குணமாக்கலும் ஒரே பயிற்சிக்குள் இருக்கும் முறை ஒன்று நம் மொழியிலேயே இருக்கிறது. அதுதான் சரம் பார்த்தல், அதாவது எந்த மூக்கில் மூச்சு ஓடுகிறது என்று கவனிப்பது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தைப் பாடிய கையோடு, வார சரத்தையும் பாடியிருக்கிறார். வெள்ளி, திங்கள், புதன் ஆகிய நாட்களில் இடப்பக்க மூச்சும், சனி, ஞாயிறு, செவ்வாயில் வலப்பக்க மூச்சும், வியாழனன்று வளர்பிறையில் இடமும் தேய்பிறையில் வலமும் ஓட வேண்டும் என்பது அதன் சாரம்.

பார்க்கும் விதம் எளிது. படுக்கையை விட்டு இறங்குமுன், ஒரு சிறு கண்ணாடியை மூக்கின் கீழ்க் கிடையாகப் பிடித்து மெல்ல மூச்சு விட வேண்டும். இரண்டு ஆவிப்படலங்கள் விழும். அவற்றுள் பெரியதாக விழுந்து மெதுவாக மறைவது எந்தப் பக்கமோ, அந்தச் சரம் ஓடுகிறது. இடம் ஓடினால் இடகலை, குளிர்ச்சி. அமைதியான, நீடித்த செயல்களுக்கு உரியது. வலம் ஓடினால் பிங்கலை, வெப்பம். உழைப்புக்கும் செரிமானத்துக்கும் உரியது. இரண்டும் சமமாக ஓடினால் சுழுமுனை. உலகக் காரியம் எதையும் தொடங்காமல் அமர்ந்துவிட வேண்டும்.

இங்கே நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. சீட்டில் வாள் மூன்று வந்தால் அதை உங்களால் மாற்ற முடியாது. ஏற்கலாம், அஞ்சலாம், இன்னொன்று எடுத்து ஏமாற்றலாம், அவ்வளவுதான். சரத்தில் வேண்டாத பக்கம் ஓடினால் நீங்களே மாற்றலாம். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் சிறிது நேரத்தில் இடமூக்கு திறக்கும். இடப்பக்கம் படுத்தால் வலமூக்கு திறக்கும். யோகிகள் அக்குளில் தாங்கிக்கொள்ளும் யோகதண்டமும் இதற்காகத்தான். குறி இங்கே தீர்ப்பாக வருவதில்லை, உடலின் அன்றைய நிலையாக வருகிறது. பார்த்த கையோடு செய்வதற்கு ஒரு வேலையையும் தருகிறது. அப்படி வேலை தராத குறியை அன்றாடச் சாதனையில் சேர்ப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

அரைநம்பிக்கை:

சரம்பார்ப்பவரின் இந்தக் கடைசி அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. சரத்தைப் பற்றி அவர் சொல்வதில் பாதி, உடலியல் ஏற்பதும்கூட. மூக்கின் உட்சவ்வு ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சுருங்கி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவதை 1895இல் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் பதிவு செய்தார். ஒருக்களித்துப் படுத்தால் மேற்பக்க மூக்கு திறப்பதும் உண்மை. ஆனால் அந்தச் சுழற்சிக்கு வெள்ளிக்கிழமை என்றால் என்னவென்று தெரியாது. சளி பிடித்தால் சில நாட்களும், மூக்கின் நடுச்சுவர் வளைந்திருந்தால் ஆண்டு முழுவதும்கூட ஒரே சரம் ஓடக் கூடும். அப்படிப்பட்டவருக்கு வாரத்தில் பாதி நாள் தீய நாளா?

சரம்பார்ப்பவர்:

நடுச்சுவர் வளைந்தவருக்குச் சரம் பார்ப்பது பயன்படாது. அவர்களை நானே விலக்கிவிடுவேன். கிழமை விதியை நான் கடைப்பிடிப்பது, எழுந்தவுடன் மூச்சைக் கவனிக்க அது ஒரு கட்டாயத்தை உண்டாக்குவதால். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று உங்களோடு வாதிட எனக்கு விருப்பமில்லை.

உள்ளங்கை:

ரெய்கி பயில்பவர்கள் சார்பில் ஒரு சிறு குறிப்பு. மிகாவோ உசூயி 1922இல் தொடங்கிய முறையில், காலையும் மாலையும் கைகூப்பி அமர்ந்து ஐந்து வாசகங்களை மனத்தில் இருத்துவதே அடிப்படை. இன்று மட்டும் கோபப்படாதே, கவலைப்படாதே என்றுதான் அவை தொடங்குகின்றன. கை எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கையின் உணர்வைக் கொண்டு அறிய வேண்டும். சீட்டைக் கேட்டு முடிவு செய்யும் வழக்கம் பின்னால் ஒட்டவைத்தது. அஞ்சிய மனத்தோடு நெஞ்சில் கை வைத்ததாக நண்பர் எழுதுகிறார். கவலைப்படாதே என்ற வாசகத்தைச் சொல்வதற்கு முன்பே கவலையை வரவழைக்கும் ஒரு செயலை அமர்வின் தலைவாசலில் நிறுத்தியிருக்கிறார் என்பதுதான் என் மனக்குறை.

சூத்திரவாசகர்:

ஏக தத்துவம் என்று எழுதியதோடு நின்றுவிட்டேன். எது அந்த ஒன்று என்று சரம்பார்ப்பவரைப் படித்த பின் சொல்லத் தோன்றுகிறது. மனத்தெளிவுக்கான வழிகளை அடுக்கும்போது, மூச்சை வெளிவிடுவதையும் நிறுத்துவதையும் பதஞ்சலி ஒரு வழியாகக் கூறுகிறார். காலைச்சாதகனின் மூன்று பயிற்சிகளிலும் ஊடாடுவது மூச்சு ஒன்றே. ஆசனம் அதைச் சீராக்குகிறது, கை வைத்துப் படுத்திருக்கையில் அது நீள்கிறது, சீட்டைத் திருப்பும் கணத்தில் அது நின்றுபோகிறது. மூச்சை அந்த ஒன்றாகக் கொண்டால் மற்றவை அதற்கு அடங்கும். கும்பகம் மட்டும் மருத்துவர் சொல்லும் வரை வேண்டாம்.

மனத்துக்கு ஒவ்வாத சீட்டுக்கு மாற்றாக இன்னொன்று எடுப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. சீனரின் ஐ சிங்கில் 64 கோலங்கள் உண்டு. அறியாமையைக் குறிக்கும் நான்காவது கோலத்தின் வாசகமே இதைக் கண்டிக்கிறது: முதல் முறை கேட்டால் விடை உண்டு, இரண்டாம் மூன்றாம் முறை கேட்பது அவமதிப்பு, அவமதிப்பவருக்கு விடை இல்லை. குறி சொல்லும் நூலே இப்படிக் கூறும்போது, சீட்டுக்கும் அந்த மரியாதையைத் தருவது நல்லது.

காலைச்சாதகன்:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்தேன். இசிஜியும் மற்றச் சோதனைகளும் எடுத்தார்கள். இதயத்தில் குறை எதுவும் இல்லை. இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் மேலேறுவதே காரணம் என்றார். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரமாவது விடவும், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் சொன்னார். இடப்பக்கம் என்றதும் சரம்பார்ப்பவர் எழுதியது நினைவுக்கு வந்தது: இடப்பக்கம் படுத்தால் வலமூக்கு திறக்கும், வலச்சரம் செரிமானத்துக்கு உரியது.

சரம்பார்ப்பவர்:

உண்டபின் இடப்பக்கம் சாய்ந்து படுப்பது சரநூலாரின் வழக்கமேதான்.

அரைநம்பிக்கை:

நிலை சரி, காரணம் வேறு. இடப்பக்கம் படுக்கும்போது இரைப்பையின் பெரும்பகுதி உணவுக்குழாய் வந்து சேரும் வாயைவிடத் தாழ்வாக இருக்கிறது. அதனால் அமிலம் எளிதில் மேலேறுவதில்லை. இதற்கு மூக்கு பொறுப்பன்று. இரண்டு வழிகள் ஒரே இடத்தில் முடிந்ததால் இரண்டுமே சரி என்று ஆகிவிடாது. படுப்பது மட்டும் இடப்பக்கமாகவே இருக்கட்டும்.

பகல்பணிச்செவிலி:

நல்ல செய்தி. அமிலம் மேலேறுவது நிற்கும் வரை சர்வாங்காசனமும், வயிற்றை அழுத்தும் முன்வளைவுகளும், கபாலபாதியும் வேண்டாம். வயிறு மெல்ல எழுந்து தாழும் உதரவிதான மூச்சு சிலருக்கு இதில் உதவுகிறது. வெறும் வயிற்றில் செய்யுங்கள். மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் அதை இடையில் நிறுத்தாதீர்கள். விழுங்குவதில் சிரமம், காரணமின்றி எடை குறைதல், கறுத்த மலம் ஆகிய எதைக் கண்டாலும் மறுபடி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

காலைச்சாதகன்:

அப்படியே செய்கிறேன். காலையில் எழுந்ததும் மூச்சைப் பார்ப்பது, மருத்துவர் அனுமதித்த ஆசனங்கள், உதரவிதான மூச்சு, கை வைத்தல் என்று வரிசையை மாற்றிவிட்டேன். உடலைப் பற்றிய கேள்வியைச் சீட்டிடம் கேட்பதில்லை. சீட்டை முழுவதும் விட்டுவிட மனம் வரவில்லை, மாலைக்குத் தள்ளிவிட்டேன். ஒரு சீட்டுக்கு மேல் எடுப்பதில்லை. அதற்கென ஒரு குறிப்பேடு தொடங்க எண்ணுகிறேன். அதில் எதை எழுத வேண்டும்?

சீட்டுவாசிப்பாளர்:

கேள்வியை முதலில் எழுதுங்கள், தேதியோடு. அதன் பிறகே கட்டைத் தொடுங்கள். சீட்டைப் பார்த்த பின் எழுதினால் கேள்வி தானாகவே சீட்டுக்கு ஏற்றபடி வளைந்துகொள்ளும். அரைநம்பிக்கையின் ஐயத்துக்காக, பொருத்தமே இல்லாமல் வந்த சீட்டுகளையும் விடாமல் குறித்துவையுங்கள்.

அரைநம்பிக்கை:

அவற்றைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலிருந்தே எண்ணி வாருங்கள். எண்ணிக்கையை இங்கே வந்து சொன்னால் நான் படிப்பேன்.